ஜூன் தொடங்கி ஜூன் வரை: பள்ளிப் பிள்ளைகளோடு செய்யும் சுற்றுச்சூழல் வேலைகள், படிப்படியாக

ஜூன் 5 அன்று பள்ளி வாசலில் ஒரு குழி வெட்டுகிறோம், ஒரு கன்று வைக்கிறோம், சுற்றி நின்று படம் எடுக்கிறோம். ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் அந்தக் கன்று பெரும்பாலும் குச்சியாக நிற்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது; அது வர அக்டோபர் ஆகும். அதுவரை வெயிலில் நிற்கும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எவரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நட்டது பட்டுப்போகும், அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே அவர்கள் மனதில் பதிகிறது.

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சொன்னது. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை வந்தது. அதன் கீழ் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன. பாடமும் இருக்கிறது, மன்றமும் இருக்கிறது. பல இடங்களில் இல்லாதது, ஒரு பிள்ளை தானே தொட்டு, அளந்து, எழுதி வைத்து, அடுத்த மாதம் மறுபடி அளந்து பார்க்கிற வேலை. கீழே இருப்பது அத்தகைய வேலைகள் மட்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான 40 பிள்ளைகளையும், வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளையும், தமிழ்நாட்டின் சமவெளியில் உள்ள ஒரு சாதாரண அரசுப் பள்ளியையும் கணக்கில் வைத்து எழுதியிருக்கிறோம்.

தொடங்கும் முன்

ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்கள். வகுப்பு கலந்து, ஆண் பெண் கலந்து, வருகைப் பதிவு எண்படி பிரித்துவிடுங்கள். பிள்ளைகளையே குழு சேரச் சொன்னால் தெருவாரியாகச் சேர்ந்துவிடுவார்கள்; தமிழ்நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். வேலை வாரந்தோறும் மாற வேண்டும். இந்த வாரம் எடை போட்ட குழு அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குப்பை அள்ளுவதையும் கூட்டிப் பெருக்குவதையும் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது. குறிப்பிட்ட பிள்ளைகளிடமே அந்த வேலை மீண்டும் மீண்டும் போய்ச் சேரவும் கூடாது. கழிவறை சுத்தம் செய்வது பிள்ளைகளின் வேலையே அல்ல. குப்பை பிரிக்கும் முதல் நாள் ஆசிரியர் தன் கையால் பிரிக்க வேண்டும்; முடிந்தால் தலைமையாசிரியரும் உட்காரட்டும். இது சரியாக அமையாவிட்டால் மற்ற எதுவும் நிலைக்காது.

சாமான்கள்: 10 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு ஒன்று, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று, கோணிச்சாக்கு ஆறு, ரப்பர் கையுறை பத்து ஜோடி, சிறிய மண்வெட்டி இரண்டு, சாந்துச் சட்டி இரண்டு, நாலடி இரும்புக் கம்பி ஒன்று, அறிவியல் அறையிலிருந்து 100 மி.லி. அளவு உருளை. கூடவே கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. எல்லா எண்ணும் அந்த ஒரே நோட்டில், தேதியோடு, பிள்ளைகளின் கையெழுத்தில் ஏற வேண்டும். தனித்தனித் தாளில் எழுதினால் அரையாண்டுத் தேர்வுக்குள் தொலைந்துவிடும்.

ஜூன்: குப்பையை எண்ணுதல்

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள். பண்டிகைக்கு முன்பின் நாட்கள் வேண்டாம். அன்றைய குப்பை வழக்கமான குப்பை அல்ல.

மாலை மூன்றரை மணிக்கு எல்லா வகுப்புக் குப்பைக் கூடைகளையும் ஃப்ளெக்ஸ் மேல் கொட்டுங்கள். கழிவறைக் கூடையைச் சேர்க்காதீர்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் முதலில் குச்சியால் கிளறிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். பிறகு பிள்ளைகள் கையுறை போட்டு ஐந்து குவியலாகப் பிரிக்கட்டும்: காகிதம், உணவும் தோலும், காய்ந்த இலையும் மண்ணும், பிளாஸ்டிக், மற்றவை. வெறும் சாக்கை முதலில் நிறுத்து எழுதி, பிறகு குவியலைப் போட்டு நிறுத்துக் கழிக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் இங்கேயே நடந்துவிடும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மிட்டாய்த் தாளையும் சிப்ஸ் உறையையும் தராசில் போடுவார்கள்; முள் அசையவே அசையாது. "பிளாஸ்டிக் ஒன்றுமே இல்லை" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். பிளாஸ்டிக்கை நிறுக்காதீர்கள், எண்ணுங்கள். ஒவ்வொன்றாக எண்ணி, வகை பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பாக்கு அளவு மிட்டாய்த் தாள் இத்தனை, சிப்ஸ் உறை இத்தனை, பேனா ரீஃபில் இத்தனை, பால் கவர் இத்தனை.

எண்ணி முடித்ததும் ஒரு சிப்ஸ் உறையைக் கழுவித் துடைத்து உட்பக்கத்தைக் காட்டுங்கள். வெள்ளி போல மின்னுவது அலுமினியப் பூச்சு. வெளியே அச்சிட்ட பிளாஸ்டிக். இரண்டும் ஒட்டிக்கிடப்பதால் பழைய சாமான் கடைக்காரர் இதை வாங்க மாட்டார். பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்குவார். எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று பிள்ளைகளே பக்கத்துக் கடையில் கேட்டு வந்து எழுதட்டும். மறுசுழற்சி என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

அடுத்து என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கேரி பேக், பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதைச் சொல்லலாம். உரை ஆற்ற வேண்டாம். வாசல் கடையில் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் கடலை மிட்டாய்க்கும் தேன்மிட்டாய்க்கும் தனி உறை கிடையாது என்பதை யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அங்கிருந்து பேச்சு தானாகப் போகும். செப்டம்பரிலும் ஜனவரியிலும் இதே மூன்று நாள் கணக்கை மறுபடி எடுங்கள்.

வேண்டாதவை இரண்டு. ஒன்று, பிளாஸ்டிக் பாட்டிலில் பென்சில் குவளை செய்யும் கண்காட்சி. அதற்காகவே புதுக் குளிர்பான பாட்டில் வாங்கிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, குப்பையை மூலையில் கொளுத்துவது. இது உங்கள் பள்ளியில் நடக்கிறது என்றால், வேறு எந்த வேலையையும் தொடங்கும் முன் இதை நிறுத்துங்கள். இலையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும் புகை நேராக வகுப்புக்குள்தான் வரும்.

ஜூலை: உரக்கூண்டு

ஜூன் கணக்கில் எடையில் முதலிடம் பிடிப்பது பெரும்பாலும் காய்ந்த இலையும் சமையலறைக் கழிவும்தான். அவை இரண்டையும் மண்ணாக மாற்றுவது பிள்ளைகளின் கண்ணெதிரே நடக்கும் மிகப் பெரிய வேதியியல். இதற்கு நேரம் கொடுங்கள்.

*கூண்டு.* 3 அடி அகலம், 10 அடி நீளம், ஒரு அங்குலக் கண் உள்ள கம்பிவலை வாங்குங்கள். அரை அடி ஒன்றின் மேல் ஒன்று படும்படி வளைத்துக் கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் கட்டினால் மூன்றடி விட்டம், மூன்றடி உயரக் கூண்டு கிடைக்கும். இதைவிடச் சிறிதாக வேண்டாம். குவியல் சிறுத்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே ஓடிவிடும், மக்குவது நின்றுபோகும். இடம் மேடாக, மர நிழலில், வகுப்பறையிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். மண்ணில் வைத்தால்தான் புழுக்கள் ஏறும். எலி வரும் இடமானால் அடியில் அரை அங்குலக் கண் உள்ள வலையை விரியுங்கள்.

*எதைப் போடலாம்.* காய்கறித் தோல், வெங்காயத் தோல், நொறுக்கிய முட்டை ஓடு, வெட்டிய புல், பூ, காய்ந்த இலை. சத்துணவுக் கூடத்தில் ஒரு வாரத்தில் எத்தனை முட்டை ஓடு சேருகிறது என்று சமையலர் அம்மாவிடம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் இந்த வேலையின் முக்கியமான ஆள், முதல் நாளே அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீந்த சோற்றையும் சாம்பாரையும் போடாதீர்கள். புளித்து நாறும், எலியை அழைக்கும், சாம்பாரின் உப்பு உரத்தில் தங்கும். மீந்த சோறு மாட்டுக்குப் போகட்டும். மாடு தின்பதை மக்க வைக்க வேண்டியதில்லை. தட்டில் மீதம் வைக்கும் பிள்ளை யார் என்று தேடவும் வேண்டாம். மொத்த மீதத்தை மட்டும் ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமானால் மறுமுறை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

*அடுக்குவது.* அடியில் அரை அடிக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும் போடுங்கள், காற்று கீழிருந்து ஏற. அதன் மேல் 4 அங்குலம் காய்ந்த இலை, 2 அங்குலம் பச்சைக் கழிவு, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். ஒரு கிலோ புதுச் சாணியை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு லிட்டர் தெளியுங்கள். மறுபடி இலை, பச்சை, மண், சாணிக் கரைசல். காய்ந்தது இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு என்பதே நினைவில் வைக்க வேண்டிய கணக்கு. காய்ந்த இலை கரிமத்தைத் தருகிறது, பச்சையும் சாணியும் தழைச்சத்தைத் தருகின்றன. நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு வேண்டும். மேலே எப்போதும் இலைதான் முடிவாக இருக்க வேண்டும். அதன் மேல் நனைத்த கோணி. மாவிலை, தேக்கிலை போன்ற தடித்த இலைகளை நொறுக்கிப் போடுங்கள். தைல மர இலையைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள எண்ணெய் மக்குவதைத் தடுக்கும்.

*ஈரம் பார்ப்பது.* உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியச் சொல்லுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலையைக் கலக்க வேண்டும். உள்ளங்கை நனையவே இல்லையென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

*சூடு பார்ப்பது.* நாலாம் நாள் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவித் தொடட்டும். சரியாக அடுக்கிய குவியலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. உள்ளே 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கும். நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை, குப்பைக்குள் சூடு. எந்தப் பிள்ளையும் இதைச் சும்மா கடந்து போகாது.

*புரட்டுவது.* பத்து நாளுக்கு ஒருமுறை, காலை முதல் பாடவேளையில். கூண்டின் கட்டை அவிழ்த்துப் பக்கத்தில் நிறுத்தி, வெளிப்புறம் இருந்தது உள்ளே போகும்படி அள்ளிப் போட வேண்டும். முதல் புரட்டலில் ஆவி எழும்பும். பாதி மக்கிய இலைகளின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளையாகப் பூத்திருக்கும். "எரிஞ்சுபோச்சு சார்" என்பார்கள். எரியவில்லை. அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிரிக் கூட்டம், சூட்டில் நன்றாக வளர்வது. முதல் மழையில் மண் வாசம் வருகிறதே, அந்த வாசத்தைத் தருவதும் இந்த இனம்தான். அந்த இலையை முகர்ந்து பார்க்கக் கொடுங்கள். இலைக் குவியலில் தேளும் பூரானும் பாம்பும் தங்கலாம் என்பதால், முதலில் கம்பியால் நாலு பக்கமும் தட்டிவிட்டு, மண்வெட்டியால் மட்டுமே அள்ள வேண்டும். வெறுங்கையை உள்ளே விடக்கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

கோளாறுகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதான் வரும். அழுகிய நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. புரட்டிக் காய்ந்த இலை கலக்குங்கள். மூக்கை அரிக்கும் நெடி வந்தால் பச்சை அதிகம். அதற்கும் காய்ந்த இலைதான் மருந்து. எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது. சூடே ஏறவில்லையென்றால் குவியல் சிறியது, அல்லது வெறும் இலை மட்டும் இருக்கிறது. சாணிக் கரைசல் இன்னும் ஊற்றுங்கள். கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பக்கத்தில் தென்னை இருந்தால் அந்த வண்டு குருத்தைக் குடையும், எனவே பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். மண்புழுவும் மரவட்டையும் வந்தால் சூடு தணிந்து வேலை முடியப்போகிறது என்று அறிகுறி.

75 முதல் 90 நாளில் இலை எது, தோல் எது என்று தெரியாத கறுப்பு உரம் கிடைக்கும். சலித்து, தங்கிய கட்டிகளை அடுத்த கூண்டில் போடுங்கள். உரம் தயாரா என்று சோதிக்க இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் போதும்: ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம். இரண்டிலும் இருபது வெந்தயம். ஐந்தாறு நாளில் எண்ணுங்கள். உரம் போட்டதில் குறைவாக முளைத்திருந்தால் உரம் இன்னும் பழுக்கவில்லை. இரண்டு வாரம் ஆறவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: விதை

வேப்பம்பழம் உதிரும் காலத்தில் பள்ளி திறந்திருப்பது நமக்குக் கிடைத்த வசதி. மஞ்சளாகப் பழுத்த பழங்களை மட்டும் பொறுக்கி, மணலோடு தேய்த்துச் சதையைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வேப்பங்கொட்டையின் உயிர் சீக்கிரம் போய்விடும். போன ஆண்டுக் கொட்டையைப் போட்டு முளைக்கவில்லை என்று சோர்ந்துபோகும் பள்ளிகள் பல. நாவல் கொட்டையும் அப்படித்தான், தின்ற வாரத்திலேயே மண்ணுக்குப் போக வேண்டும். புங்கங்கொட்டை எளிது, புதுக் கொட்டையாக இருந்தால் இரண்டு வாரத்தில் முளைக்கும்.

சரக்கொன்றை வேறு மாதிரி. ஓடு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. இதை வைத்து நல்ல சோதனை ஒன்று செய்யலாம். 20 விதைகளைச் சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும், உள்நிறம் லேசாகத் தெரியும் வரை தேய்த்து, ஓர் இரவு ஊற வையுங்கள். இன்னொரு 20 விதைகளை அப்படியே ஊற வையுங்கள். காலையில் தேய்த்தவை பருத்திருக்கும், மற்றவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இரண்டையும் விதைத்து ஒரு மாதம் எண்ணட்டும்.

பைக்கு அரை லிட்டர் பால் கவர் போதும். ஜூன் கணக்கில் எண்ணினோமே, அதேதான். கழுவி, அடியிலும் பக்கத்திலும் ஆறு துளை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. விதையை அதன் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் வைத்தால் போதும். ஆழமாகப் புதைப்பதும், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் பிள்ளைகள் அன்பினால் செய்யும் தவறுகள். பூவாளியால் தெளிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் வேர் அடியில் சுருளத் தொடங்கும், அப்போது பெரிய பைக்கு மாற்ற வேண்டும். இந்த ஆண்டு விதைத்தது அடுத்த ஆண்டு ஐப்பசிக்குத்தான் நடவுக்கு ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

விதைப்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. உருட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பேருந்திலிருந்து எறிவது இன்னும் பிடிக்கும். முளைத்ததா என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. செய்வதானால் ஒரு சதுர மீட்டர் கட்டம் இரண்டு போடுங்கள். ஒன்றில் 25 விதைப்பந்து மேலாக வையுங்கள், மற்றதில் அதே விதை 25 மண்ணுக்குள். 30 நாள் கழித்து எண்ணிவிட்டு, அடுத்த ஆண்டு எதைச் செய்வது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

பனை, நம் மாநில மரம். பனம்பழம் விழும் செப்டம்பரில் 20 கொட்டைகளைப் பொலபொலப்பான மணல் மேட்டில் புதைத்து வையுங்கள். பொங்கலை ஒட்டிப் பத்தைத் தோண்டினால் பனங்கிழங்கு கிடைக்கும், அவித்துத் தின்னலாம். தின்னும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று: முளை மேலே வரவில்லை, நேராகக் கீழே போயிருக்கிறது. பனங்கன்றைப் பையில் வளர்த்து இடம் மாற்றி நட முடியாததற்கு அதுதான் காரணம். மரம் வேண்டுமென்றால் கொட்டையை ஏரிக்கரையிலோ பள்ளி எல்லையிலோ நேரடியாக, பத்தடிக்கு ஒன்றாகப் புதைக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

சொட்டும் குழாய்களை ஒரு குழு கண்டுபிடிக்கட்டும். அளவு உருளையைப் பத்து நிமிடம் கீழே பிடித்து, வந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு. பத்து நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் நாளுக்கு 4.3 லிட்டர், மாதத்துக்கு 130 லிட்டர். அந்த எண்ணைக் குழாய்க்கு மேலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். வால்வை மூடிவிட்டு ஆசிரியரோடு சேர்ந்து எட்டாம் வகுப்புப் பிள்ளையே மாற்றலாம்.

மழைமானி செய்ய, பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டில் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டிலில் கணக்கு தவறும். தோள்பட்டையில் வெட்டி, மேல்பாகத்தைப் புனல் போலக் கவிழ்த்து வையுங்கள். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மி.மீ. அளவுகோலை ஒட்டுங்கள். கட்டிடத்திலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், மர நிழலில் இல்லாமல் வைக்க வேண்டும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்துக்கு எடுத்தால் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். எடுத்ததும் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர மறப்பதுதான் வழக்கமான பிழை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலக் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 1200 லிட்டர்; தெறிப்பும் கசிவும் போக ஏறத்தாழ 1000 லிட்டர். இதைப் போட்டுப் பார்த்த பிள்ளைகளைப் பள்ளியின் மழைநீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போங்கள். 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரும்பாலான அரசுக் கட்டிடங்களில் அது இருக்கிறது. பல இடங்களில் சருகு அடைத்துக் கிடக்கும். செப்டம்பர் முடிவதற்குள் கூரைக் குழாயின் வாயைச் சுத்தம் செய்து, கூழாங்கல்லைக் கழுவி, மேல் மணலை மாற்றுங்கள். கூரை மேல் ஏறுவதும் தொட்டிக்குள் இறங்குவதும் பெரியவர் வேலை. கல் கழுவுவது பிள்ளைகள் வேலை.

அக்டோபர், நவம்பர்: நடவு

எத்தனை கன்று நடலாம் என்று கோடைத் தண்ணீரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்றால் 20 கன்றுக்கு 400 லிட்டர். ஏப்ரலில் உங்கள் பள்ளியில் வாரம் 400 லிட்டர் கிடைக்குமா? கிடைக்காது என்றால் பத்தே நடுங்கள். முதல் ஆண்டுக்கு வனத்துறை நாற்றங்காலிலிருந்து இரண்டடிக்கு மேல் வளர்ந்த வேம்பு, புங்கன், நாவல் வாங்கிக்கொள்ளலாம். பூவரசும் முருங்கையும் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே வரும்.

செப்டம்பரில் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து இரண்டு வாரம் ஆறப் போடுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவிப்பது முக்கியம். நடும்போது அந்த மேல்மண் இரண்டு பங்கோடு உங்கள் கூண்டு உரம் ஒரு பங்கு. பையைக் கிழித்துவிட்டு, அடியில் சுருண்ட வேர் இருந்தால் அரை அங்குலம் வெட்டுங்கள். சுருளை அப்படியே விட்டால் மரம் பெரிதானபின் காற்றில் சாயும். பையில் இருந்த மண்மட்டமும் நிலமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டிடத்திலிருந்து 15 அடி, மேலே மின்கம்பி கூடாது. ஆடு கடிக்காமலிருக்கச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி வைக்கலாம். ஆனால் அதன் நெற்றுகளை உதிர்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வேலியே முளைத்துவிடும்.

கறிவேப்பிலையும் பறவைகளும்

தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் போக வேண்டாம். இளந்தளிரில் கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை இருக்கும், கைப்பூதக் கண்ணாடியால் தேடட்டும். வெளிவரும் புழு பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அதனால்தான் பறவை அதைக் கொத்தாது. கடைசித் தோலுரிப்பில் அது சட்டென்று பச்சையாகிவிடும். இறகு முனையால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக் கொம்பு ஒன்றை நீட்டி நெடி வீசும். முட்டையிலிருந்து பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம். புட்டியில் அடைக்காமல் செடியிலேயே கவனிப்பது நல்லது. அடைத்தால் தளிர் வாடி, புழு பட்டினியில் சாகும். சில கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வரும். பிள்ளைகள் வருந்துவார்கள். புழுவுக்குள் குளவி முட்டையிட்டிருக்கிறது, அந்தக் குளவி இல்லாவிட்டால் கறிவேப்பிலையில் இலையே மிஞ்சாது என்று அப்போது சொல்லலாம். செடிக்கு மருந்து தெளிக்கவே கூடாது.

பறவைக்கு, 2015 முதல் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். ஓர் இடத்தில் நின்று 15 நிமிடம், பார்த்ததும் கேட்டதும், இனமும் எண்ணிக்கையும். மைனா, காகம், கரிச்சான், தவிட்டுக்குருவி, செண்பகம், மடையான் என்று தொடங்கி, தெரியாததை "தெரியாதது" என்றே எழுதப் பழக்குங்கள். ஊகித்து எழுதியதைவிட அது பயன்படும். பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஆசிரியர் ஏற்றலாம்.

மார்ச் முதல் ஜூன் வரை: கோடை விடுமுறை

பத்து மாத வேலை பட்டுப்போவது இந்த இரண்டு மாதத்தில்தான். மார்ச் முதல் வாரத்திலேயே ஆயத்தமாகுங்கள்.

ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் அடி தள்ளி, பூச்சில்லாத ஐந்து லிட்டர் மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதையுங்கள். சுவர் வழியே ஈரம் மெல்லக் கசியும். வாய்க்குத் தட்டு போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும், ஓணான் விழும். பானை நிரப்ப வாரத்துக்கு நான்கு முறை வந்தால் போதும், ஆவியாகிப் போகும் தண்ணீரும் மிச்சம். பானையைச் சுற்றிக் காய்ந்த இலையை நாலு அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள், கரையான் தண்டில் ஏறாது.

பிறகு ஆள். பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு உள்ள பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு ஜோடிக்கு இரண்டு கன்று மட்டும் கொடுங்கள். ஒருத்தி ஊருக்குப் போனால் மற்றவள் பார்ப்பாள். வாசல் சாவியும் குழாய்ச் சாவியும் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். கன்றுகள் பட்டுப்போவது பெரும்பாலும் அக்கறை இல்லாமல் அல்ல, பூட்டு திறக்காமல். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் இதைச் சொல்லுங்கள். வெயிலில் வர வேண்டாம், காலை எட்டு மணிக்குள் ஊற்றிவிட்டுப் போகட்டும்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், புதுக் கன்று எதுவும் வாங்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாக் குழுவும் கன்றுகளைச் சுற்றி வாருங்கள். எத்தனை நட்டோம், எத்தனை நிற்கிறது, நிற்பதன் உயரம் எவ்வளவு என்று எழுதுங்கள். பட்டுப்போனதைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் காய்ந்து முறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை. கறுத்து அழுகியிருந்தால் கூடிவிட்டது. பட்டை அரிக்கப்பட்டிருந்தால் கரையான். மேலே மட்டும் கடிபட்டிருந்தால் ஆடு. காரணத்தைக் கன்றின் எண்ணுக்கு நேரே எழுதிவிட்டு, அந்தக் குழியை அக்டோபருக்காக அப்படியே விட்டு வையுங்கள்.